நிலவறையில் ஒரு மேசை

சிக்காகோ நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சோளக்காடுகளுக்கு நடுவே போகும் சாலை இலினோய் மாநில எல்லையைத் தாண்டி விஸ்கான்சினுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் லேக் ஜெனிவா வந்துவிடுகிறது. மக்கள்தொகை எட்டாயிரம் சொச்சம். நம்மூர்க் கணக்கில், பேட்டையின் ஒரு மூலையில் அடங்கிவிடும் கூட்டம்.

1871ல் சிக்காகோ தீப்பற்றி எரிந்த பிறகு, பணக்காரக் குடும்பங்கள் இந்த ஏரிக்கரைக்கு வந்து மாளிகைகள் கட்டிக்கொண்டன. பின்னாளில் வந்த ரிக்லி குடும்பமும் அந்த வரிசையில் ஒன்று. சூயிங்கம் விற்றுச் சேர்த்த செல்வம் என்று நினைக்கும்போது சிங்கப்பூரர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஏரியைச் சுற்றி 34 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. அது அந்த மாளிகைகளின் புல்தரைகளை ஊடறுத்துக்கொண்டு போகிறது. யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அந்தந்த வீட்டுக்காரர்தான் தம் எல்லைக்குள் வரும் பாதையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், செங்கல், சரளை, கல்பலகை என்று காலடியில் தரை மாறிக்கொண்டே இருக்கும். கோடையில் கரையோர வீடுகளுக்குப் படகில் தபால் போகும். படகு நிற்காது. தபால் கொடுக்கும் இளையர் ஓடும் படகிலிருந்து துறையில் குதித்து, பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, மறுபடி தாவி ஏற வேண்டும். தவறினால் தண்ணீர்தான்.

இதெல்லாம் சுற்றுலாக் கையேட்டில் இருக்கும். நான் போனது வேறொன்றைப் பார்க்க. சென்ற ஆண்டு அக்டோபரில் வேலை நிமித்தமாகச் சிக்காகோ போனபோது கையில் ஒரு சனிக்கிழமை மிஞ்சியது. வாடகைக்கு ஒரு கார் எடுத்துக்கொண்டு, சென்டர் ஸ்திரீட்டில் இருக்கும் 330ஆம் எண் வீட்டைத் தேடிப் போனேன்.

மாளிகை அல்ல, சாதாரண மர வீடு. தெருவில் நின்றே பார்த்தேன். பிறர் வீட்டு வாசலில் போய் எட்டிப் பார்ப்பது முறையல்ல. அதுவுமின்றி, நான் பார்க்க விரும்பிய பகுதி தெருவிலிருந்து தெரியாது. அது தரைக்குக் கீழே இருக்கிறது.

1970ஆம் ஆண்டு இந்த வீட்டில் கேரி கைகாக்ஸ் என்பவர் குடியிருந்தார். சிக்காகோவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அந்த வேலையை இழந்திருந்தார். ஐந்து பிள்ளைகள். வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து காலணி தைத்து, பழுது பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். அதே நிலவறையில் மணல் நிரப்பிய பெரிய மேசை ஒன்றும் இருந்தது. நண்பர்கள் கூடி, சின்னஞ்சிறு பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் போர் விளையாட்டு ஆடுவதற்காக. உலகெங்கும் இன்று கோடிக்கணக்கானோர் ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு உருப்பெற்ற வீடு இது.

அது என்ன விளையாட்டு என்று கேட்கும் உறவினர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான். பாட்டி கதை சொல்கிறார். காட்டுக்குள் ஒரு பாழடைந்த கோட்டை தெரிகிறது என்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் பேரன், "பாட்டி, நான் முன்வாசல் வழியா போகமாட்டேன், பின்பக்கச் சுவர்ல ஏறுவேன்" என்கிறான். பாட்டி கோபித்துக்கொள்ளாமல், "சரிடா, சுவர் வழுக்குது. தாயக்கட்டையை உருட்டு, ஏறுறியா விழுறியான்னு பார்ப்போம்" என்றால் எப்படி இருக்கும்? அவ்வளவுதான். ஒருவர் நிலைமையைச் சொல்கிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறித் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள், சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்கிறது. திரை கிடையாது, மின்சாரம்கூட வேண்டாம்.

இந்த யோசனை கைகாக்ஸுக்கு மட்டும் சொந்தமானதல்ல. மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் என்ற இளைஞர், தம் பெற்றோர் வீட்டு நிலவறையில் பிளாக்மூர் என்ற கற்பனை ஊரை வைத்து இப்படி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். 1972ன் கடைசியில் அவர் காரில் லேக் ஜெனிவா வந்து கைகாக்ஸ் வீட்டில் அதை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் உட்கார்ந்து விதிகளை எழுதத் தொடங்கினார். முதலில் ஆடிப் பார்த்தவர்கள் அவருடைய மகனும் மகளும்தான். பிறகு நண்பர்கள், நண்பர்களின் தம்பிகள், பள்ளிக்கூடப் பையன்கள் என்று கூட்டம் சேர்ந்தது. ஆட்டம் நடத்தும்போது அவர் கோப்பு அலமாரிக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்துகொள்வார், இருட்டுக்குள்ளிருந்து வருவதுபோலக் குரல் மட்டும் வரும் என்று அன்று ஆடியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

வீட்டு எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. பக்கத்துத் தெருவான பிராட் ஸ்திரீட்டிலும் 330ஆம் எண் கட்டடம் முக்கியமானது. தோட்டக்கலைச் சங்கத்துக்காகக் கட்டப்பட்ட ஹார்ட்டிகல்ச்சுரல் ஹால் அது. 1968 ஆகஸ்ட் 24 அன்று கைகாக்ஸ் அதை 50 டாலருக்கு வாடகைக்கு எடுத்து, விளையாட்டுப் பிரியர்களுக்கு ஒருநாள் மாநாடு நடத்தினார். ஜென் கான் என்று பெயர். அதற்கு முந்தைய ஆண்டு சில நண்பர்கள் அவர் வீட்டிலேயே கூடியிருந்தார்கள். வீடு கொள்ளவில்லை என்பதால்தான் மண்டபம். அந்த ஜென் கான் இப்போது இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கிறது. 2023ல் அதற்கு வந்தவர்கள் 70,000 பேருக்கு மேல். மண்டபமோ இன்னும் அப்படியே இருக்கிறது, கல்யாண வரவேற்புகளுக்கும் சந்தைக்கும் இடம் கொடுத்துக்கொண்டு. ஏரியைப் பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிக்காமல் கடந்துபோனார்கள்.

எழுதிய விதிகளை வெளியிட ஆள் கிடைக்கவில்லை. 1973 அக்டோபரில் கைகாக்ஸும் அவருடைய பால்யகாலத் தோழர் டான் கேயும் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டுச் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். கே தம் பங்கை ஆயுள் காப்புறுதியின்மேல் கடன் வாங்கிக் கொண்டுவந்தார். அதுவும் போதாமல் இன்னொரு நண்பர் பிரையன் புளூம் இரண்டாயிரம் போட்டார். 1974 ஜனவரியில் ஆயிரம் பிரதிகள் வந்தன. மரத்தின் வரிகள்போல அச்சடித்த காகிதம் ஒட்டிய பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். வீட்டில் வைத்தே கையால் பெட்டியில் அடுக்கினார்கள். ஆயிரமும் விற்றுத் தீர ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டு முடிந்த கையோடு டான் கே மாரடைப்பில் இறந்துபோனார். வயது 36. நிறுவனத்தின் சரக்கெல்லாம் கைகாக்ஸ் வீட்டு நிலவறைக்கு வந்து சேர்ந்தது. பிறகு நிறுவனம் பெரிதானது, சண்டைகள் வந்தன, கைகாக்ஸே வெளியேறினார், 1997ல் அது வேறு கைக்கு மாறியது. அந்தக் கதை நீளமானது, அவ்வளவு இனிமையானதும் அல்ல.

புத்தகம் சேர்ப்பவர்களுக்கு அந்த முதல் ஆயிரம் பெட்டிகள் கோயில் விக்கிரகம் மாதிரி. நல்ல நிலையில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் பல ஆயிரம் டாலருக்குப் போகும். எனக்கு அந்த ஆசை இல்லை. என்னிடம் இருப்பது இருபத்தாறு புத்தகங்கள், பல்கலைக்கழக நாள்களிலிருந்து சேர்த்தவை. 1978ல் வந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' பழைய பிரதி ஒன்று இருக்கிறது. யாரோ ஒரு சிறுவன் பென்சிலால் கணக்குப் போட்ட அடையாளங்களோடு. அந்தப் பென்சில் கோடுகளுக்காகவே அதை விற்க மனம் வராது. விண்வெளியில் சரக்குக் கப்பல் ஓட்டிக் கடன் அடைக்கும் 'டிராவலர்', 1981ல் வந்த திகில் விளையாட்டான 'கால் ஆஃப் கதுலு' ஆகியவற்றின் பிந்திய பதிப்புகள் உண்டு. முதல் பெட்டிக்கு ஏங்குபவர்களுக்கு ஒரு மாற்று வழி: 2024ல், ஐம்பதாம் ஆண்டையொட்டி, கைகாக்ஸின் 1973 கைப்பிரதியையும் அந்த மூன்று புத்தகங்களையும் சேர்த்து ஒரு தடித்த நூல் வந்தது. விலை நூறு டாலர். படிக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அது போதும். ஆடத்தான் வேண்டும் என்றால் அதுவும் தேவையில்லை. அடிப்படை விதிகள் 2023லிருந்து எவரும் பயன்படுத்தும் உரிமத்தோடு இலவசமாகவே கிடைக்கின்றன.

ஊர் திரும்பும் வழியில் ஏரியின் மேற்குக் கரைக்குக் காரைத் திருப்பினேன். வில்லியம்ஸ் பே என்ற கிராமம். அங்கே, மரங்களுக்கு மேலே, யெர்க்ஸ் வானாய்வகத்தின் குவிமாடம் தெரிகிறது. 1897ல் திறக்கப்பட்டது, அதன் 40 அங்குல வில்லைத் தொலைநோக்கியை மிஞ்ச, வானாய்வுக்கென்று அந்த வகையில் வேறொன்று வரவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937ல் இங்கே வந்து சேர்ந்து, 1964வரை இந்தக் கிராமத்தில் வாழ்ந்தார். 1983ல் நோபெல் பரிசு வாங்கித் தந்த ஆய்வுகளின் பெரும்பகுதிக்குப் பின்னால் இந்த ஏரிக்கரையின் குளிர்காலங்கள் இருக்கின்றன. கைகாக்ஸ் எட்டு வயதுப் பையனாக லேக் ஜெனிவா வந்தது 1946ல். ஆக, பல ஆண்டுகள் ஒரே ஏரியின் இரு கரைகளில் இருவரும் இருந்திருக்கிறார்கள். ஒருவர் நட்சத்திரங்களைக் கணக்கிட்டுக்கொண்டு, மற்றவர் கோட்டைகளைக் கற்பனை செய்துகொண்டு. வானாய்வகம் 2022லிருந்து மறுபடி பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. போகிறவர்கள் முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது.

நம் வீட்டில் நிலவறை எது?

அமெரிக்க வீடுகளில் பாதிக் கதை நிலவறையில்தான் நடக்கிறது. அடுக்குமாடியில் வாழும் நமக்குக் கீழே இன்னொருவரின் கூரை. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் 'பாம் ஷெல்டர்' இருக்கிறதே, அதை விளையாட்டு அறையாக்கலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். நால்வர் நின்றாலே மூச்சு முட்டும். புத்தகம் வைக்கவும் அது சரிப்படாது. தடித்த சுவர், கனத்த இரும்புக் கதவு, காற்றோட்டம் குறைவு. மூடி வைத்தால் சில மாதங்களில் அட்டையில் பூஞ்சணம் படர்ந்துவிடும்.

சுவா சூ காங்கில் எங்களுடையது நாலறை வீடு. மூன்று படுக்கையறைகளில் ஒன்றை வாடகைக்கு விட்டிருந்தோம். நான் அமெரிக்காவிலிருந்து திரும்பிய இரண்டு மாதத்தில், குடியிருந்தவர் வேலை மாறிப் போய்விட்டார். அந்த அறையை விளையாட்டு அறை ஆக்கலாமா என்று கேட்டேன்.

"என்னங்க, மாசாமாசம் வர்ற வாடகையை விட்டுட்டுப் பகடை உருட்டப் போறோமா?" என்றார் மனைவி. நியாயமான கேள்வி. அந்தப் பணம் சும்மா கிடக்கவில்லை. பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பும் அம்மாவின் மருத்துவச் செலவும் அதில்தான் ஓடின. இரண்டு இரவு கணக்குப் போட்டோம். வெளியே சாப்பிடுவதைக் குறைப்பது, ஆண்டு இறுதிப் பயணத்தை ஜோகூரோடு நிறுத்திக்கொள்வது, ஓராண்டு முயன்று பார்ப்பது என்று முடிவானது. மனைவி மேலும் ஒரு நிபந்தனை போட்டார். அலமாரியில் மூன்று தட்டுகள்தான். நான்காவது தட்டு கேட்கக்கூடாது. புதிய புத்தகம் ஒன்று வந்தால் பழையது ஒன்று வெளியேற வேண்டும். புத்தகம் சேர்க்கும் எவருக்கும் இப்படி ஒருவர் வீட்டில் இருப்பது நல்லது. வாங்குவதற்கு முன் "இதை ஆடப் போகிறோமா, அடுக்கப் போகிறோமா?" என்று இப்போது நானே கேட்டுக்கொள்கிறேன். முக்கியப் புத்தகம் ஒன்றின் விலை இன்று ஐம்பது அமெரிக்க டாலர். பாதி ஆசை அந்தக் கேள்வியிலேயே அடங்கிவிடுகிறது.

அறை மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர்கூட இல்லை. கட்டிலைக் கொடுத்துவிட்டு, நடுவே ஒன்றரை மீட்டர் நீள மேசை போட்டோம். முதுகு இல்லாத முக்காலிகள் ஆறு. ஆட்டம் முடிந்தால் மேசைக்கு அடியில் போய்விடும். கூரையின் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கு மேலே மஞ்சள் விளக்கு ஒன்று தொங்கவிட்டோம். இந்த ஒரு மாற்றமே பாதி வேலையைச் செய்துவிட்டது. வெளிச்சம் மேசைமேல் மட்டும் விழும்போது பிள்ளைகள் தாமாகவே குனிந்து, குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள்.

சத்தம் இன்னொரு விவகாரம். மேல்மாடியில் நள்ளிரவில் கோலிக்குண்டு உருளும் சத்தம் கேட்காத சிங்கப்பூரர் உண்டா? ஓட்டுத் தரையில் பகடை விழுந்தால் கீழ்வீட்டுக்காரருக்கு நாம்தான் அந்தக் கோலிக்குண்டு. தடித்த துணி ஒட்டிய மரத் தட்டுக்குள்தான் பகடை உருட்ட வேண்டும் என்பது எங்கள் அறையின் முதல் சட்டம்.

புத்தகங்களுக்குப் பெரிய எதிரி ஈரம். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தொடும். காகிதத்துக்கு 50க்கும் 60க்கும் இடைப்பட்ட அளவுதான் நல்லது. அதனால் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் அலமாரியைச் சாய்க்கவில்லை. உள்சுவரிலும் ஒரு கையகல இடைவெளி விட்டிருக்கிறோம், பின்னால் காற்று ஓட. பழைய மெல்லிய புத்தகங்களில் தாள்களைச் சேர்த்திருக்கும் கம்பி ஊசி துருப்பிடித்துக் காகிதத்தையே தின்றுவிடும். அப்படிப்பட்டவற்றை மட்டும், புகைப்படக் கருவி வைக்கும் சிறிய உலர்பெட்டியில் வைத்திருக்கிறேன். அறைக்கு ஓர் ஈரம் உறிஞ்சும் இயந்திரம். மழைக்காலத்தில் அதன் தொட்டியில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் பயமாக இருக்கும். நெகிழித் தாளில் இறுகச் சுற்றி வைப்பதைத் தவிர்க்கலாம். ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அம்மாவுக்கு முதலில் சந்தேகம். "பேய் பிசாசு விளையாட்டா?" என்று கேட்டார். 1980களில் அமெரிக்கப் பெற்றோர் பலரும் இதையே கேட்டார்கள். தொலைக்காட்சியில் பெரிய சர்ச்சையே நடந்தது. நான் விளக்கம் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன்.

ஆடுபவர்கள் ஐந்து பேர். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், தொடக்கநிலை ஆறில் இருக்கும் மகன், மேல்வீட்டுப் பையன், அடுத்த புளோக்கில் இருக்கும் அக்காள் தம்பி இருவர். கதை நடத்துவது நான். விதிகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும், கதை தமிழில் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர்தான். எங்கள் வீட்டிலும் அம்மாவிடம் பேசும்போது மட்டும் தமிழ், மற்ற நேரம் ஆங்கிலம் என்று ஆகிக்கொண்டிருந்தது. வாடகைப் பணத்தை விட்டுக்கொடுக்க மனைவி இசைந்ததற்கு இதுவும் காரணம் என்று பிறகுதான் சொன்னார்.

முதல் மூன்று வாரம் திண்டாட்டம். "நான் டோரை ஓப்பன் பண்றேன்" என்பதுதான் தமிழாக இருந்தது. நானும் திருத்தவில்லை, திருத்தினால் அது வகுப்பறை ஆகிவிடும். ஆனால் கதைக்குள் வருபவர்கள் எல்லாரும் தமிழ் மட்டும்தான் பேசுவார்கள் என்று வைத்துக்கொண்டேன். வழி கேட்கவேண்டும், பொய் சொல்லவேண்டும், கெஞ்சவேண்டும், மிரட்டவேண்டும். தேவை வந்தால் சொல் தானாக வருகிறது, அல்லது வாசலில் இருக்கும் பாட்டியிடம் கேட்கப்படுகிறது. "பாட்டி, டஞ்சனுக்குத் தமிழ்ல என்ன?" என்று மகள் கேட்டபோது நான் பாதாளச் சிறை என்று தொடங்கினேன். அம்மா, "நிலவறைன்னு சொல்லேன். எங்க ஊர்ல பெரிய வீடுகள்ல இருக்கும், தானியம், நகையெல்லாம் போட்டு வைப்பாங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் விளையாட்டுக்கு அதுதான் பெயர்.

மேல்வீட்டுப் பையன் வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் தமிழ் பேசுபவன். பாலத்தைக் காக்கும் பூதம் ஆளுக்கு நூறு பொற்காசு கேட்டபோது, மற்றவர்கள் வாளை உருவினார்கள். அவன் எழுந்து நின்று, "அண்ணே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணே, நாங்க ஐந்து பேரு, அடிக்கடி இந்தப் பக்கம் வர்றவங்கதான்" என்று தொடங்கி, தேக்காச் சந்தையில் மீன் வாங்கும் தோரணையில் பத்து நிமிடம் பேரம் பேசினான். பூதத்துக்குப் பதில் சொல்ல எனக்கே வார்த்தை போதவில்லை. வாசலிலிருந்து அம்மா பூதத்துக்காகப் பேசத் தொடங்கிவிட்டார். அறுபதுக்குக் கீழே இறங்க மறுக்கிறார்.

ஓராண்டுக் கெடு டிசம்பரில் முடிகிறது. வாடகைக் கணக்கை மறுபடி எடுத்து வைத்துப் பேச வேண்டும் என்று மனைவி நினைவுபடுத்தியிருக்கிறார். அதற்குள் பாலத்தைக் கடந்தாக வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். இந்த வெள்ளிக்கிழமை ஐம்பத்தைந்து வரை போகலாம் என்று பேசி வைத்திருக்கிறார்கள்.